பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் மெயில்: சேதியைக் கேளுங்கள், லிங்க்கைத் தொடாதீர்கள்

ஏதாவது ஒரு நிறுவனத்தில் தகவல் திருட்டு என்று செய்தி வந்தால் போதும், அன்று சாயங்காலத்துக்குள் என் வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட்டுகள் குவியும். "சார், பாஸ்வேர்டை மாத்தச் சொல்லி மெயில் வந்திருக்கு, நிஜமா டூப்பா?" கம்பெனிகளுக்குக் கணினிப் பாதுகாப்பு பார்த்துக் கொடுப்பது என் தொழில், அதனால் கேட்கிறார்கள். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து என்னால் எதுவும் சொல்ல முடியாது. லோகோ, நிறம், அடியில் இருக்கும் பொடி எழுத்து எல்லாவற்றையும் யாரும் நகலெடுக்கலாம். போகும் இடத்தின் முகவரி பட்டனுக்குப் பின்னால் இருக்கிறது. அது படத்தில் விழாது.

கேட்பவர்கள் கூடப் பரவாயில்லை. "எல்லாம் ஃபிராடு" என்று மெயிலை அழித்துவிட்டுச் சும்மா இருப்பவர்கள்தான் அதிகம். அவர்களை முழுதாகக் குறை சொல்லவும் முடியாது. நிறுவனங்கள் அனுப்புகிற அசல் மெயிலே சில சமயம் டூப் மாதிரிதான் இருக்கிறது.

குறிப்புகள் எழுதிச் சேமிக்கும் ஆப்பான எவர்நோட்டின் கதை இதற்கு நல்ல உதாரணம். 2013 மார்ச்சில் அதன் கணினிகளுக்குள் யாரோ புகுந்து பயனர் பெயர்கள், மெயில் முகவரிகள், உருமாற்றிச் சேமித்த பாஸ்வேர்டுகள் ஆகியவற்றை எடுத்துவிட்டார்கள். நிறுவனம் தயங்காமல் சுமார் 5 கோடிப் பயனர்களையும் பாஸ்வேர்டை மாற்ற வைத்தது. சரியான முடிவு. அப்புறம் எல்லோருக்கும் மெயில் போனது. பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி மெயிலில் வரும் லிங்க்கை ஒருபோதும் அழுத்தாதீர்கள், நேராகத் தளத்துக்குப் போங்கள் என்று அதில் ஓர் அறிவுரை. அதே மெயிலில் எவர்நோட் முகவரி போலத் தெரிந்த லிங்க்கை அழுத்தினால், அது முதலில் போன இடம் எம்கேடி5371 டாட் காம்! மோசடி ஒன்றும் இல்லை. மொத்தமாக மெயில் அனுப்பிக் கொடுக்கும் ஒரு மார்க்கெட்டிங் நிறுவனத்தின் முகவரி அது. எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று எண்ணுவதற்காக இப்படிச் சுற்றிவிடுவது அந்தத் தொழிலில் வழக்கம். ஆனால் அதைப் பார்க்கிற சாதாரண மனிதர் என்ன நினைப்பார்?

மக்களின் கடன் விவரங்களைத் தொகுத்து வைக்கும் ஈக்விஃபேக்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் 2017இல் செய்தது இன்னும் மோசம். சுமார் 14.7 கோடிப் பேரின் தகவல் போன பிறகு, மக்கள் விசாரிக்க ஈக்விஃபேக்ஸ்செக்யூரிட்டி2017 டாட் காம் என்று புதிதாக ஒரு தளம் திறந்தார்கள். ஆபத்தைக் காட்டுவதற்காக ஒரு மென்பொருள் வல்லுநர் வார்த்தைகளை முன்பின்னாக மாற்றி செக்யூரிட்டிஈக்விஃபேக்ஸ்2017 டாட் காம் என்று ஒன்றைத் தொடங்கினார். நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கே அந்தப் போலி முகவரியை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பியது. சொந்தத் தளம் எது என்று அவர்களுக்கே குழப்பம்.

ஆக, மெயிலைப் பார்த்து அசலா போலியா என்று தீர்ப்பு சொல்லும் வேலையையே விட்டுவிடுங்கள். படித்தவர்களும் அதில் தோற்றிருக்கிறார்கள். 2016 மார்ச்சில், அமெரிக்க அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட ஹிலாரி கிளிண்டனின் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு, யாரோ உங்கள் பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்டார்கள், உடனே மாற்றுங்கள் என்று கூகுள் பெயரில் மெயில் வந்தது. கணினி உதவியாளரிடம் கேட்டார்கள். அவர் 'அசல் மெயில்தான்' என்று எழுதிவிட்டார். போலி என்று எழுத வந்து தவறிவிட்டது என்று பின்னால் சொன்னார். ஆனாலும் பாஸ்வேர்டை மாற்றுவதற்கு கூகுளின் சரியான முகவரியைத் தன் பதிலில் கொடுத்திருந்தார். அதை அழுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவர்கள் அழுத்தியது பழைய மெயிலில் இருந்த லிங்க்கை. அந்த அஞ்சல்பெட்டியில் இருந்த மெயில்கள், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளத்தில் அக்டோபரில் வர ஆரம்பித்தன.

மெயில் சொல்லும் சேதி வேறு, அதிலுள்ள லிங்க் வேறு. சேதியைக் காதில் போட்டுக்கொண்டு மெயிலை மூடுங்கள். அந்த நிறுவனத்தின் ஆப்பை நீங்களே திறங்கள், அல்லது முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். கூகுளில் தேடி முதலில் வருவதை அழுத்தவும் வேண்டாம், விளம்பரமாகப் போலித் தளம் மேலே நிற்பதுண்டு. உள்ளே போய் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். மெயில் போலியாகவே இருந்தாலும் இதில் உங்களுக்கு நஷ்டம் இல்லை.

மெயில் வரவில்லையே, நமக்கு ஒன்றுமில்லை என்றும் இருக்க முடியாது. 2012 ஜூனில், வேலைத் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன் பயனர்களின் சுமார் 65 லட்சம் பாஸ்வேர்டுகள் உருமாற்றிய வடிவில் வெளியே வந்தன. பாதிக்கப்பட்டதாகத் தெரிந்தவர்களின் பாஸ்வேர்டை மட்டும் நிறுவனம் செல்லாததாக்கி மெயில் அனுப்பியது. முதல் மெயிலில் லிங்க்கே இருக்காது என்று முன்கூட்டி அறிவித்தார்கள், அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் 2016 மே மாதம் அதே திருட்டிலிருந்து சுமார் 11.7 கோடிப் பேரின் மெயில் முகவரியும் பாஸ்வேர்டும் விற்பனைக்கு வந்தன. இவர்களில் பெரும்பாலானோருக்கு 2012இல் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான்கு வருடமாகப் பழைய பாஸ்வேர்டையே வைத்திருந்தவர்கள், அதையே வேறு தளங்களிலும் போட்டவர்கள், எல்லோரும் மாட்டினார்கள். அடுத்த மாதம் மார்க் சக்கர்பெர்க்கின் ட்விட்டர், பின்ட்ரஸ்ட் கணக்குகளுக்குள் சிலர் புகுந்துவிட்டு, அந்தப் பட்டியலிலிருந்துதான் எடுத்தோம் என்றார்கள்.

நீங்கள் கேட்காமலே, பாஸ்வேர்டை மாற்றிக்கொள்வதற்கான ரீசெட் மெயில் வருவது தனி ரகம். பெரும்பாலும் யாரோ 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்ற இடத்தில் உங்கள் முகவரியைத் தட்டியிருக்கிறார், அவ்வளவுதான். அந்த மெயில் உங்கள் பெட்டிக்குத்தான் வந்திருக்கிறது, அவருக்குப் போகவில்லை. பதற வேண்டாம். 'இது நான் இல்லை' என்ற பட்டனையும் அழுத்த வேண்டாம், போலி மெயில்களில் வலையே அந்தப் பட்டன்தான். அதோடு வரும் ஓடிபியை யார் போனில் கேட்டாலும் சொல்லக் கூடாது.

முகவரியைப் படித்துப் பார்க்கச் சொல்லி பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருவார்கள். போனின் சின்னத் திரையில் அது நடக்கிற காரியமில்லை. பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்து நிரப்பித் தரும் பாஸ்வேர்டு மேனேஜர் வைத்திருந்தால் அந்த வேலையை அது செய்யும்: தளத்தின் முகவரி ஓர் எழுத்து மாறினாலும் தானாக நிரப்பாது. வங்கிகளுக்கு மட்டும் ஒரு வசதி வந்திருக்கிறது. இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள், வங்கிகளுக்கென்றே உள்ள டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

லிங்க்கை அழுத்தி பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டீர்களா? பணம் போயிருந்தால் முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், தாமதிக்கிற ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறும். அப்புறம் நேராகத் தளத்துக்குப் போய் பாஸ்வேர்டை மாற்றி, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியை அழுத்துங்கள். போனது மெயில் கணக்கின் பாஸ்வேர்டு என்றால் அமைப்புகளில் ஃபார்வர்டிங்கையும் ஃபில்டர்களையும் திறந்து பாருங்கள். பலரும் விட்டுவிடும் இடம் இது. உள்ளே வந்தவர் அங்கே தன் முகவரியைப் போட்டு வைத்திருந்தால், நீங்கள் பாஸ்வேர்டை மாற்றிய பிறகும், உங்களுக்கு வரும் ஒவ்வொரு ரீசெட் மெயிலின் நகலும் அவருக்குப் போய்க்கொண்டிருக்கும்.