சாம்பிள் ரேட்: மாதிரியெடுப்பு வீதம்

ஒலியை இலக்கமுறையில் பதியும்போது அதன் அளவை ஒரு செக்கனுக்கு எத்தனை தடவை எடுத்து எண்ணாக எழுதுகிறார்கள் என்பதைக் குறிப்பது 'சாம்பிள் ரேட்'. இறுவட்டில் அது 44,100 தடவை. நிகழ்படத்தோடு வரும் ஒலியில் பெரும்பாலும் 48,000. உயர்தரப் பதிவு என்று விற்கப்படுபவற்றில் 96,000 அல்லது 192,000. தமிழில் இதை 'மாதிரியெடுப்பு வீதம்' என்று எழுதலாம். அந்தத் தமிழ்ச் சொல்லிலும் ஓர் இடறல் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சாம்பிள் என்பதன் வேர் இலத்தீன் 'எக்ஸெம்ப்ளம்'. வெளியே எடுத்தல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. உதாரணத்தைக் குறிக்கும் 'எக்ஸாம்பிள்' அதன் உடன்பிறப்பு. ரேட் என்பதும் இலத்தீன்தான்: 'ராட்டா', கணக்கிடப்பட்ட பங்கு. இதற்கு நம்மிடம் கைவசம் இருக்கும் சொல் வீதம். தோட்டத்தில் மேலதிகக் கொழுந்துக்குக் 'கிலோவுக்கு இத்தனை ரூபாய் வீதம்' என்கிறோம். ஆளுக்கு இரண்டு வீதம் பங்கிடு என்கிறோம். செக்கனுக்கு 48,000 வீதம் என்றால் வேறு விளக்கமே தேவையில்லை.

இணையத்தில் பலர் 'மாதிரி விகிதம்' என்று எழுதுகிறார்கள். தமிழகத்தில் ரேட் என்பதற்கு விகிதம் என்று சொல்லும் வழக்கம் உண்டு. இலங்கையில் நம் பாடசாலைக் கணிதத்திலோ விகிதம் என்றால் இரண்டு அளவுகளை ஒப்பிடுவது. ஒன்றுக்கு இத்தனை என்பது வீதம். இந்த வேறுபாட்டை நாம் கைவிடக் கூடாது. 96,000 வீதத்தை 48,000 ஆக்கும்போது விகிதம் 2:1 என்று ஒரே வாக்கியத்தில் இரண்டு சொல்லும் வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் விகிதம் என்றே எழுதினால் வாசிப்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்?

இனி அந்த இடறல். மலையகத்தில் சாம்பிள் என்றவுடன் நினைவுக்கு வருவது தேயிலைதான். 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்துக்கு ஒரு தொகுதித் தூளை அனுப்பினால், அதிலிருந்து கொஞ்சம் எடுத்து வாங்குபவர்களுக்குச் சுவைத்துப் பார்க்கக் கொடுப்பார்கள். அந்தக் கொஞ்சம்தான் சாம்பிள். மூட்டை வேறு இடத்தில் இருக்கும். இந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு ஒலிக்கு வருகிறவர், செக்கனுக்கு 48,000 மாதிரி என்றால் மீதி ஒலி எங்கோ விடுபட்டுவிட்டது என்றும், 96,000 என்றால் இரண்டு மடங்கு ஒலி கிடைக்கிறது என்றும் எண்ணிக்கொள்கிறார். ஒலிப்பதிவில் அப்படி மூட்டை எதுவும் இல்லை. ஓர் ஒலியில் உள்ள மிக உயர்ந்த மீடிறனின் (செக்கனுக்கு நிகழும் அதிர்வு எண்ணிக்கையின்) இரு மடங்கைவிடக் கூடிய வீதத்தில் அளவெடுத்தால், இரண்டு அளவுகளுக்கு இடையே அலை எப்படிச் சென்றது என்பதையும் அந்த எண்களிலிருந்தே முழுமையாக மீட்டுவிடலாம். பொறியியலாளர்களான நைக்விஸ்ட் 1928இலும், கோத்தெல்நிக்கோவ் 1933இலும், ஷனன் 1949இலும் எழுதியவை இதன் அடிப்படை. மனிதக் காதின் எல்லை ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ். இளமை போகப் போக அதுவும் குறையும். ஆகவே 44,100 போதும்.

ஏன் சரியாக 44,100? தொடக்க காலத்தில் இலக்கமுறை ஒலியைச் சேமிக்க வீடியோ நாடாவைப் பயன்படுத்தினார்கள். இலங்கைத் தொலைக்காட்சியும் பின்பற்றிய 'பால்' (PAL) ஒளிபரப்பு முறையில் செக்கனுக்கு 50 புலங்கள், அதாவது அரைப் படங்கள். ஒரு புலத்தில் பயன்படும் 294 வரிகள். வரிக்கு 3 மாதிரிகள். பெருக்கிப் பாருங்கள். அமெரிக்க முறையில் 60 புலங்கள், 245 வரிகள், அதே 3 மாதிரிகள். அங்கும் 44,100தான் வரும். இரண்டு முறைக்கும் பொருந்திய இந்த எண் 1982இல் விற்பனைக்கு வந்த இறுவட்டில் நிலைத்துவிட்டது.

வீட்டில் ஒரே ஒரு கருவி இருக்கும்வரை இந்த எண்கள் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. ஹோல், குசினி, இஸ்தோப்பு என்று பல இடங்களில் ஒலிபெருக்கி வைத்து, எல்லாவற்றிலும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்யும்போதுதான் உச்ச வரம்பு என்பது முன்னால் வந்து நிற்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் தான் வாங்கக்கூடிய ஓர் உச்ச வீதம் உண்டு. சோனோஸ் கருவிகளுக்கு 48,000. கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோவுக்கு 96,000. ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற இசைப்பெட்டி வரிசையில் பழையவை பலவற்றுக்கு 48,000, டச் என்ற வகைக்கு 96,000.

ஹட்டனில் என் பெரியம்மா வீடு பழைய கருங்கல் கட்டடம். தப்புப் பறை அடித்து ஆடும் மாசி மாதத்துக் காமன் கூத்தைத் தோட்டத்துப் பிள்ளைகள் 96,000 வீதத்தில், ஒவ்வோர் அளவுக்கும் 24 பிட் என்று பதிவு செய்திருந்தார்கள். அதை வீடு முழுவதும் போட்டால், "தம்பி, ஹோலில் தப்பு அதிர்கிறது, குசினிப் பெட்டி வாயே திறக்கவில்லையே" என்றார் பெரியம்மா. இறுவட்டுப் பாட்டுகள் குசினியில் ஒழுங்காகக் கேட்டன. அந்தப் பெட்டி 48,000க்கு மேல் வாங்காது. ஆனால் அதை வலையமைப்போடு இணைத்த இடைநிலை மென்பொருள் 96,000 வரை வாங்கும் என்று, பாட்டை அனுப்பும் சேவையகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அமைப்புப் பக்கத்தில் அந்த ஒரு கருவியின் உச்ச வரம்பைக் கையால் 48,000 என்று எழுதியதும் தப்பும் தாளமும் குசினிக்கு வந்து சேர்ந்தன.

இதற்குள் நடப்பதைக் கவனிக்க வேண்டும். லிரியன் என்ற இலவசச் சேவையக மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். கருவிகளை ஒரு குழுவாகச் சேர்த்தால், அது குழுவில் உள்ளவற்றின் உச்ச வரம்புகளைப் பார்த்து, மிகக் குறைந்ததை எல்லோருக்குமான வரம்பாக எடுத்துக்கொள்கிறது. அதைத் தாண்டிய கோப்பு வந்தால் சாக்ஸ் என்ற கருவிநிரலால் வீதத்தைக் குறைத்து அனுப்புகிறது. 96,000 வந்தால் 48,000. 88,200 வந்தால் 44,100. ஏனெனில் பாதியாக்குவது எளிது. 96,000ஐ 44,100 ஆக்க வேண்டுமானால் விகிதம் 320:147. அதுவும் முடியும், கணக்கு வேலை கூடும். வரம்பைச் சொல்லத் தெரியாத கருவி குழுவில் இருந்தால், பெரியம்மா வீட்டில் செய்தது போல நாமே எழுதிவிட வேண்டும்.

வீதத்தைக் குறைப்பது என்றால் ஒன்று விட்டு ஒன்றாக எண்களைத் தூக்கி எறிவது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒலி கெடும். புதிய வீதத்தின் பாதிக்கு மேலுள்ள மீடிறன்களை முதலில் வடிகட்டி நீக்க வேண்டும். நீக்காவிட்டால் அவை மடிந்து கீழே விழும்: 44,100 வீதத்தில் 30,000 ஹேர்ட்ஸ் ஒலி 14,100 ஹேர்ட்ஸாகக் கேட்கும். பாடியவரும் பாடாத, தப்பும் எழுப்பாத ஒலி அது. இதற்குப் 'போலி மீடிறன்' என்ற சொல் பொருந்தும் என்பது என் கருத்து. தமிழகத்தில் 'போலி அதிர்வெண்' என்று எழுதிக்கொள்ளலாம். மீடிறனும் அதிர்வெண்ணும் ஒன்றே.

வரம்பைக் குறைப்பதில் வேறொரு நன்மையும் உண்டு. 96,000 வீதம், 24 பிட், இரண்டு தடம் என்றால், சுருக்காத நிலையில் செக்கனுக்கு 46 இலட்சம் பிட்டுக்கு மேல். 48,000 ஆக்கினால் அதில் பாதி. இரண்டடி கருங்கல் சுவரைத் தாண்டி வைஃபை போய்ச் சேர வேண்டிய பழைய பங்களாக்களில் பாட்டு விட்டு விட்டுக் கேட்பதற்கும் தொடர்ந்து கேட்பதற்கும் இடையிலான வேறுபாடு இதுவாகவே இருக்கலாம். காதுக்கு எட்டும் எதுவும் இதனால் போய்விடுவதில்லை.

குழுவில் ஒரு குறைந்த வரம்புக் கருவி இருக்கிறது என்பதற்காக மூலக் கோப்பை மாற்றி எழுதிவிடாதீர்கள். காமன் கூத்துப் பதிவு 96,000இலேயே இருக்கட்டும். பின்னால் யாராவது அதன் வேகத்தைக் குறைத்து அடிகளை எண்ணிப் பழகவோ இரைச்சலை நீக்கவோ விரும்பினால் அந்த மேலதிக இடம் உதவும். வீதக் குறைப்பு அனுப்பும்போது மட்டும் நடக்க வேண்டியது. ஹோலில் தனியாகக் கேட்கும்போது குசினியைக் குழுவிலிருந்து விலக்கிவிட்டால், அடுத்த பாட்டிலிருந்து 96,000 அப்படியே போகும்.