சொல் விளக்கம்: கதீட்ரல்

12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடக்கும் தடித்த வரலாற்று நாவல் எதையாவது தமிழாக்க உட்கார்ந்தால் முதல் அத்தியாயத்திலேயே வழிமறிக்கும் சொல் இது. 'பேராலயம்' என்று எழுதிவிட்டு மேலே போய்விடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் நூறு பக்கம் தாண்டியதும் கதையில் ஒரு முடிச்சு விழும். மடத்துத் துறவிகள், ஆயர் (பிஷப்), கோட்டைப் பிரபு என மூன்று தரப்பும் ஒரு கோயிலுக்காக ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள்? பெரிய கோயில் வேண்டுமென்றால் ஆளுக்கொன்று கட்டிக்கொள்ளலாமே?

விடை சொல்லின் வேரில் கிடைக்கிறது. கிரேக்கத்தில் 'கதேத்ரா' என்றால் ஆசனம். 'கத்தா' என்பது கீழே, 'ஹெத்ரா' என்பது இருக்கை. குரு அமர்ந்து போதிப்பது பழைய வழக்கம். ஆயர் அமர்ந்து போதித்த இருக்கைக்கும் அந்தப் பெயரே நின்றது. லத்தீனில் 'எக்ளேசியா கதேத்ராலிஸ்' என்றால் ஆயரின் ஆசனம் உள்ள கோயில். ஆங்கிலத்திலும் கதீட்ரல் முதலில் வெறும் அடைமொழிதான்; 'கதீட்ரல் சர்ச்' என்பதில் பின்பாதி உதிர்ந்து, அடைமொழியே பெயராகிவிட்டது. நாற்காலியைக் குறிக்கும் 'சேர்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்ததுதான். ஸ்பானிய மொழியில் பேராசிரியருக்கு 'கத்தெத்ராத்திகோ' என்று பெயர். ஹார்வர்டு தமிழ் இருக்கை என்று நாம் சொல்லும்போது வரும் இருக்கையும் இந்தப் பொருளில் அமைந்ததே.

ஆக, அளவுக்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பில்லை. வேல்ஸில் உள்ள செயின்ட் அசாஃப் கதீட்ரல் ஊர்ச் சர்ச் போலச் சிறியது. இங்கிலாந்தின் பெவர்லி மின்ஸ்டர் என்ற கோயில் பல கதீட்ரல்களை விடப் பெரியது, ஆனால் கதீட்ரல் அல்ல. மன்னர்கள் முடிசூடும் வெஸ்ட்மின்ஸ்டர் அபே 16-ஆம் நூற்றாண்டில் சில ஆண்டுகள் மட்டுமே அந்தத் தகுதியோடு இருந்தது. வத்திக்கானின் புனித பேதுரு ஆலயத்தைச் சொன்னால் பலர் நம்பமாட்டார்கள்: ரோம் ஆயர் என்ற முறையில் போப்பின் கதீட்ரல் அதுவல்ல, லாத்தரன் புனித யோவான் ஆலயம்.

ஆசனம் நகர்ந்தால் தகுதியும் கூடவே நகரும். நாவல்களின் உயிர்நாடி இங்கேதான். நார்மன் படையெடுப்புக்குப் பிறகு, 1075-இல் லண்டனில் கூடிய திருச்சபை மன்றம், சிற்றூர்களில் இருந்த ஆயர் பீடங்களைப் பெரிய ஊர்களுக்கு மாற்ற வழிவிட்டது. ஷெர்போர்னில் இருந்த பீடம் ஓல்ட் சாரம் என்ற கோட்டைக் குன்றுக்குப் போனது. அங்கே எழுந்த கதீட்ரல் 1092-இல் அர்ச்சிக்கப்பட்டது, அதாவது சடங்கு செய்து வழிபாட்டுக்குப் புனிதப்படுத்தப்பட்டது. ஐந்தே நாளில் புயல் அதைச் சேதப்படுத்தியது. குன்றில் தண்ணீர்த் தட்டுப்பாடு, ஓயாத காற்று, போதாக்குறைக்குக் கோட்டைப் படைவீரர்களோடு தகராறு. கடைசியில் ஆயர் ரிச்சர்ட் பூர் போப்பின் அனுமதியோடு சமவெளிக்கு இறங்கினார். 1220-இல் அடிக்கல் நட்டு 1258-இல் அர்ச்சித்த அந்தக் கோயில்தான் சாலிஸ்பரி கதீட்ரல். பின்னர் எழுப்பிய அதன் கூம்புக் கோபுரம் 123 மீட்டர் உயரம். பழைய கோயிலின் கற்களைப் பெயர்த்துப் புதிய ஊரில் பயன்படுத்தினார்கள். சந்தை கீழே வந்தது, மக்கள் வந்தார்கள், குன்று காலியானது. ஆள் இல்லாவிட்டாலும் ஓல்ட் சாரம் 1832 வரை நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது தனிக் கூத்து. சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த தாமஸ் பிட்டின் குடும்பத்தார் வெகுகாலம் அந்தத் தொகுதியைக் கைக்குள் வைத்திருந்தார்கள்.

இங்கிலாந்துக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. கேன்டர்பரி, டரம், வின்செஸ்டர், நாரிச் போன்ற கதீட்ரல்களைப் பெனடிக்ட் சபைத் துறவிகளே நடத்தினார்கள். ஆசனம் ஆயருடையது, அன்றாட நிர்வாகம் மடத்துத் தலைவரான பிரயரின் கையில். ஒரே கூரையின் கீழ் இரண்டு அதிகாரம் இருந்தால் உரசல் வராமல் இருக்குமா? நாவலில் பிரயர் கோயில் கட்டுவதையும் ஆயர் முட்டுக்கட்டை போடுவதையும் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நாரிச்சில் பழங்கல் ஆசனத்தின் எச்சம் இன்றும் பலிபீடத்துக்குப் பின்னே இருக்கிறது. எக்ஸிட்டரில் 14-ஆம் நூற்றாண்டில் ஓக் மரத்தில் செய்த ஆயர் அரியணை சுமார் 18 மீட்டர் உயரம் எழுந்து நிற்கிறது.

இனி தமிழுக்கு வருவோம். 'பேராலயம்' இலக்கணப்படி சரியான ஆக்கம். பேரரசு, பேராசிரியர் போல. சிக்கல் என்னவென்றால் அது பருமனைச் சொல்கிறது, பதவியைச் சொல்வதில்லை. மேலும் பசிலிக்காவுக்கும் நாம் அதே சொல்லைத்தான் ஆள்கிறோம். வேளாங்கண்ணிப் பேராலயம் 1962-இல் பசிலிக்கா ஆனது. அது போப் தரும் சிறப்புப் பட்டம். அந்த மறைமாவட்டத்தின், அதாவது அந்த ஆயரின் ஆட்சிப் பகுதியின், கதீட்ரலோ தஞ்சாவூரில் இருக்கும் திரு இருதயப் பேராலயம். இரண்டும் பேராலயம் என்றால் வாசகர் எப்படிப் பிரித்தறிவார்? சாந்தோமுக்கு இரண்டு தகுதியும் இருப்பதால் அங்கே பிழைத்தோம்.

நம் பழைய கிறிஸ்தவத் தமிழ் இந்த இடத்தில் கூர்மையாக இருந்திருக்கிறது. ஆயரை மேற்றிராணியார் என்றும் அவர் ஆட்சிக்குட்பட்ட பகுதியை மேற்றிராசனம் என்றும் எழுதினார்கள். ஆசனம் அதற்குள்ளேயே இருக்கிறது. வத்திக்கானைக் குறிக்கும் திருப்பீடம் என்ற சொல்லும் அப்படித்தான். இந்தத் தடத்தில் போனால் 'ஆயர்பீடக் கோயில்' என்று எழுதலாம். செய்தித்தாளில் பேராலயம் நிலைத்துவிட்டது, அதை அசைக்க வேண்டியதில்லை. நாவலில் முதல் இடத்தில் 'ஆயர்பீடப் பேராலயம்' என்று ஒருமுறை சொல்லிவிட்டு, பிறகு பேராலயம் என்று தொடர்வது என் தேர்வு. 'கதீட்ரல் சிட்டி' என்று வந்தால் 'கோயில் நகரம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கும்பகோணம் கண்முன் வந்து நிற்கும்.

ஆயர், பேராயர் என்ற சொற்களிலும் கவனம் தேவை. கத்தோலிக்க வழக்கில் பேராயர் என்றால் பல மறைமாவட்டங்களுக்கு மூத்தவர். தென்னிந்தியத் திருச்சபையில் ஆயரையே பேராயர் என்கிறார்கள். 12-ஆம் நூற்றாண்டுக் கதைக்குக் கத்தோலிக்க வழக்கே பொருந்தும்: கேன்டர்பரியில் கொலையுண்ட தாமஸ் பெக்கட் பேராயர், வின்செஸ்டரில் இருப்பவர் ஆயர்.

'மின்ஸ்டர்' என்பதை மொழிபெயர்க்க முயல வேண்டாம். மடம் எனப் பொருள்படும் லத்தீன் 'மொனஸ்தேரியும்' திரிந்து வந்த பெயர் அது. ஆனால் இடைக்கால யார்க் மின்ஸ்டரை நடத்தியவர்கள் துறவிகள் அல்லர், மடத்தில் சேராத குருக்கள். மடம் என்று எழுதினால் தவறு, பெயராகவே விட்டுவிடலாம்.