அசையாத ப்ளூரா எல்லாம் நியூமோதோராக்ஸ் அல்ல

சென்ற மாதம் ஒரு நள்ளிரவில், 68 வயதுப் பெரியவர் ஒருவர் வேறொரு மருத்துவமனையிலிருந்து, இடது மார்பில் செருகிய குழாயுடன், மும்பையில் நான் பணிபுரியும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டு வந்தார். (அவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) உடன் வந்த தாளில், ‘நுரையீரல் அல்ட்ராசவுண்டில் இடதுபுறம் ஸ்லைடிங் இல்லை, நியூமோதோராக்ஸ், ஐசிடி போடப்பட்டது’ என்று எழுதியிருந்தது. அதாவது, மூச்சோடு நுரையீரலின் மெல்லிய உறையான ப்ளூரா வழுக்குவது (ஸ்லைடிங்) தெரியவில்லை; நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே காற்று புகுந்திருக்கிறது (நியூமோதோராக்ஸ்); அதை வெளியேற்ற மார்பில் குழாய் (ஐசிடி) போட்டிருக்கிறோம் என்று பொருள். சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். இடது நுரையீரலின் மேற்பகுதி பழைய காசநோயால் சுருங்கி, மார்புச் சுவரோடு ஒட்டிப்போயிருந்தது; அதை அடுத்திருந்த புல்லா எனப்படும் பெரிய காற்றுப்பை ஒன்றுக்குள் குழாயின் நுனி நுழைந்து நின்றது. பாட்டிலில் காற்றுக் குமிழிகள் நிற்கவே இல்லை. தாராவியில் 40 ஆண்டுகள் வாழ்ந்தும் திருநெல்வேலிப் பேச்சு மாறாத அந்தப் பெரியவர், "20 வருசத்துக்கு முந்தி டிபி வந்து ஆறு மாசம் மாத்திர சாப்பிட்டேம்மா, அத யாரும் கேக்கலியே" என்றார்.

இதே காரணத்துக்காகத் தேவையற்ற குழாயுடன் நான் பார்த்த மூன்றாவது நோயாளி இவர். இனியும் எழுதாமல் இருப்பது சரியல்ல என்று தோன்றியது.

நுரையீரல் அல்ட்ராசவுண்டுக்கு நான் எதிரானவள் அல்ல. பல ஆண்டுகளாக ரெசிடென்ட்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்து வருகிறேன். மூச்சுத் திணறலோடு வருபவருக்கு எக்ஸ்ரே மெஷின் வந்து சேருவதற்குள் படுக்கையருகிலேயே பதில் சொல்லக்கூடிய கருவி வேறில்லை. படுத்த நிலையில் எடுக்கும் எக்ஸ்ரே கோட்டைவிடும் நியூமோதோராக்ஸை இது கண்டுபிடிக்கும். பிரெஞ்சு மருத்துவர் டேனியல் லிக்டென்ஸ்டைன் 2008-இல் வெளியிட்ட, நுரையீரல் அல்ட்ராசவுண்டுக்கான ப்ளூ நெறிமுறை, தீவிர மூச்சுத் திணறலுடன் வந்த 260 பேரில் 90.5 சதவீதத்தினருக்குச் சரியான நோயைச் சொன்னது என்பதை எல்லாப் பயிற்சி வகுப்புகளிலும் முதல் ஸ்லைடிலேயே காட்டுகிறார்கள். அந்த ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் உண்மையில் 301 பேர் என்பதையும், காரணம் உறுதிப்படாதவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருந்தவர்கள், அரிய நோய் உடையவர்கள் என 41 பேர் கணக்கிலிருந்து விலக்கப்பட்டார்கள் என்பதையும் யாரும் சொல்வதில்லை. பழைய டிபி, பல ஆண்டுப் பீடிப் பழக்கம், பலவீனமான இதயம் என மூன்றையும் ஒரே உடலில் சுமந்துகொண்டு எங்கள் வாசலுக்கு வருகிற நோயாளி, அந்த 41 பேரின் பக்கத்தில் நிற்பவர்.

இப்போது ஸ்லைடிங் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் தவறு முழுவதும் இங்கேதான் நடக்கிறது. மூச்சு விடும்போது நுரையீரலின் மேலுள்ள ப்ளூரா, மார்புச் சுவரின் உட்புற ப்ளூராவோடு உரசி வழுக்கிச் செல்வதுதான் ஸ்லைடிங். அது தெரிந்தால், ப்ரோப் (மார்பின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியின் முனை) வைத்த அந்த இடத்தில் நியூமோதோராக்ஸ் இல்லை. இந்த வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் உண்மையாகிவிடும் என்று நினைப்பதுதான் பிழை. ஸ்லைடிங் தெரியாமல் போவதற்கு நியூமோதோராக்ஸ் ஒரு காரணம் மட்டுமே. டிபியோ சீழோ வந்து ஆறிய இடத்தில் இரண்டு ப்ளூராக்களும் ஒட்டிக்கொண்டால் வழுக்காது. பெரிய புல்லா இருந்தால் வழுக்காது. செயற்கைச் சுவாசக் குழாய் வலது மூச்சுக்கிளைக்குள் இறங்கிவிட்டால் இடதுபுறம் வழுக்காது. சளி அடைத்துக் காற்றுப் போகாத நுரையீரலும் வழுக்காது. மூச்சே விடாதவருக்கு இருபுறமும் வழுக்காது. எனவே ஸ்லைடிங் இல்லை என்று கண்டதும் கை குழாயைத் தேடிப் போகக் கூடாது. கண் அதே திரையில் இன்னும் மூன்றைத் தேட வேண்டும். ப்ளூராவிலிருந்து திரையில் கீழ்நோக்கி நீளும் வெள்ளைக் கோடான பி லைன் ஒன்றே ஒன்று தெரிந்தாலும் அந்த இடத்தில் நியூமோதோராக்ஸ் இல்லை. இதயத் துடிப்புக்கு ஏற்ப ப்ளூரா அதிர்ந்தால், அதாவது லங் பல்ஸ் தெரிந்தால், அப்போதும் இல்லை. இரண்டும் இல்லாவிட்டால், ப்ரோபை மெல்லப் பக்கவாட்டில் நகர்த்தி, வழுக்கும் இடமும் வழுக்காத இடமும் சந்திக்கும் லங் பாயிண்டைத் தேட வேண்டும். அது கிடைத்தால்தான் நியூமோதோராக்ஸ் உறுதி. நுரையீரல் முழுவதும் சுருங்கிவிட்டால் லங் பாயிண்ட் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் நோயாளி பேசிக்கொண்டும் ரத்த அழுத்தம் நிலையாகவும் இருக்கும்போது, எக்ஸ்ரேவுக்கோ சிடிக்கோ பத்து நிமிடம் காத்திருப்பதால் எதுவும் குடிமுழுகிப் போகாது. ரத்த அழுத்தம் சரிந்து, கழுத்து நரம்பு புடைத்து, உயிர் போகும் நிலையில் இருப்பவரின் கதை வேறு. அங்கே காத்திருக்கவே கூடாது. அந்த இரண்டு நோயாளிகளையும் பிரித்தறிவதற்குத்தான் மருத்துவர் தேவைப்படுகிறார்.

பி லைன்களிலும் இதே அவசரத்தைப் பார்க்கிறேன். ஒரு விலா இடைவெளியில் மூன்று கோடு தெரிந்ததும் நுரையீரலில் நீர் என்றும், நீர் என்றால் அதைச் சிறுநீராக வெளியேற்றும் லாசிக்ஸ் மருந்து என்றும் முடிவுகட்டிவிடுகிறார்கள். நிமோனியாவிலும், ஏஆர்டிஎஸ் எனும் தீவிர நுரையீரல் பாதிப்பிலும், நுரையீரல் தழும்பேறி இறுகும் ஃபைப்ரோசிஸிலும் இந்தக் கோடுகள் வரும். இருபுறமும் சமமாக வருகின்றனவா, ப்ளூராக் கோடு மெல்லியதாகவும் சீராகவும் உள்ளதா, அல்லது தடித்துக் கரடுமுரடாக இருக்கிறதா என்று பார்த்தவர்தான் காரணத்தைச் சொல்ல முடியும். மும்பை மழைக்காலத்தில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய பிறகு, தேங்கிய நீரில் நடந்தவர்களிடையே எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் பரவியதை இந்த நகரம் மறந்திருக்காது. அந்த நோயில் நுரையீரலுக்குள் ரத்தம் கசியும்போதும் திரை நிறைய பி லைன்கள்தான் தெரியும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, மஞ்சள் கண், தண்ணீரில் நடந்த வரலாறு ஆகியவற்றை ப்ரோப் கேட்டுச் சொல்லாது.

இளம் மருத்துவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. இரண்டு நாள் பயிற்சியில் அவர்கள் ப்ரோப் வைத்துப் பார்ப்பதெல்லாம் இருபது வயதுத் தன்னார்வலர்களின் மார்பு. அங்கே ஸ்லைடிங் எப்போதும் அழகாகத் தெரியும். இருப்பதை மட்டுமே பார்த்துப் பழகியவரிடம், இல்லாததை நள்ளிரவில் தனியாக முடிவு செய்யச் சொல்கிறோம். அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரி, ஒவ்வொரு வகைப் பரிசோதனைக்கும் மூத்தவரால் சரிபார்க்கப்பட்ட 25 முதல் 50 ஸ்கேன்களாவது செய்திருக்க வேண்டும் என்கிறது. ‘சரிபார்க்கப்பட்ட’ என்ற சொல்தான் அதில் முக்கியம். மெஷின் வாங்கப் பணம் ஒதுக்கும் நிர்வாகங்கள், பதிவான கிளிப்புகளை வாரம் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க ஒரு மூத்த மருத்துவருக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கக் கூடாதா?

என்னிடம் பயில்பவர்களுக்கு நான் விதித்திருப்பவை கடுமையாகத் தோன்றலாம். ப்ரோபைத் தொடும் முன், எதைத் தேடுகிறோம் என்ற கேள்வியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். படத்தை அழகாக்கும் மென்மையாக்கும் வசதிகளை அணைக்க வேண்டும். நாம் தேடும் கோடுகளையே அவை துடைத்துவிடும். ஒவ்வொரு கிளிப்பையும் நேரத்தோடு சேமிக்க வேண்டும், சிடி எடுத்தவர்களுக்கு மறுநாள் இரண்டையும் ஒப்பிட வேண்டும். தெரியவில்லை என்றால் ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்று எழுதலாம். அதற்காக நான் யாரையும் கடிந்துகொண்டதில்லை. நோயாளிக்கு நோயாளி ப்ரோபைத் துடையுங்கள். பாக்கெட் மெஷின் ஒன்றைச் சொந்தமாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மருத்துவமனை மருத்துவமனையாகச் செல்லாதீர்கள். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நீங்கள் நுரையீரலை மட்டுமே பார்த்தாலும் கருவிக்குப் பதிவு தேவை.

நோயாளிகளின் குடும்பத்தாரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இந்த ஸ்கேனில் கதிர்வீச்சு இல்லை, தாராளமாகச் செய்துகொள்ளலாம். ஆனால் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ எப்போதாவது டிபி வந்திருந்தால், நெஞ்சில் நீர் எடுத்திருந்தால், மார்பில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால், யாரும் கேட்காவிட்டாலும் முதலில் அதைச் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அந்தப் பெரியவரின் மகன் மறுநாள் காலை வீட்டுக்குப் போய், பீரோவின் மேலிருந்த ஓர் உறையை எடுத்து வந்தார். ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய படம் அது. இடது மேற்பகுதியில் சுருங்கிய நுரையீரலும் அதன் பக்கத்தில் புல்லாவும் அப்போதே தெளிவாகத் தெரிந்தன.