எல்லாத்தையும் யூசர்கிட்ட கேக்காதீங்க

டிசைன் மீட்டிங்ல ஒரு விஷயத்துல ரெண்டு டீமும் ஒத்துப்போகலேன்னா கடைசில "செட்டிங்ஸ்ல ஒரு ஆப்ஷனா வெச்சிடலாம், யூசரே முடிவு பண்ணிக்கட்டும்"னு முடிச்சிடுவாங்க. கேக்க மரியாதையா தான் இருக்கும், ஆனா உக்காந்து பேசி நம்மளாலயே முடிவு பண்ண முடியாததை அவசரத்துல ஆப்பை தொறந்த ஒருத்தர் தலைல கட்டுறோம்.

ஆப்ஷனை குறைக்கணும்னு சொன்னா உடனே ஹிக்ஸ் லாங்குற விதியை பத்தி சொல்வாங்க. 1952ல வில்லியம் ஹிக்கும் அடுத்த வருஷம் ரே ஹைமனும்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் சோதிச்சு சொன்னது, சாய்ஸ் கூடக்கூட முடிவெடுக்குற நேரமும் கூடும், ஆனா லாகரிதம் கணக்குல மெதுவா தான் கூடும். இதை வெச்சு மெனுல அஞ்சு ஐட்டத்துக்கு மேல கூடாதுன்னு ரூல் போடுறது எனக்கு சரியா படல. அகரவரிசைல இருக்குற நாடுகள் லிஸ்ட் எவ்ளோ நீளமா இருந்தாலும் தன் நாட்டை தேடுறவர் குழம்ப மாட்டார், என்ன வேணும்னு அவருக்கு தெரியும்ல.

ரெண்டே பட்டன்லயும் ஆள் திணறுவாங்க. "ஆர்டரை கேன்சல் செய்யவா?"ன்னு கேட்டு கீழ "ஓகே", "கேன்சல்"னு வெச்சா எதை அழுத்துனா ஆர்டர் ரத்தாகும்? டெஸ்டிங்ல இந்த மாதிரி பாக்ஸ் வந்ததும் விரல் அப்படியே அந்தரத்துல நிக்கிறத பாத்திருக்கேன். "ஆர்டரை ரத்து செய்", "ஆர்டர் இருக்கட்டும்"னு மாத்துங்க, போதும்.

டெலீட் பண்றப்பல்லாம் "நிச்சயமா?"ன்னு கேக்குறதும் வேலைக்கு ஆகாது, பழகிப்போய் படிக்காமலே ஆமான்னு அழுத்திட்டு போயிடுவாங்க. கேக்காம டெலீட் பண்ணிட்டு கொஞ்ச நேரம் திரும்ப எடுக்க வழி விடுங்க, ஜிமெயில்ல அனுப்புன மெயிலையே சில செகண்டுக்குள்ள நிறுத்த முடியுதே. திரும்ப எடுக்கவே முடியாத வேலைக்கு மட்டும் நிறுத்தி கேளுங்க, பணம் அனுப்புறாங்கன்னா தொகையும் வாங்குறவர் பேரும் பெருசா கண்ணுல படணும்.

டிஃபால்ட்ல, அதாவது யூசர் எதையும் மாத்தலேன்னா தானா இருக்குற தேர்வுல தான் ரொம்ப கவனம் வேணும். 2003ல ஜான்சன், கோல்ட்ஸ்டீன்னு ரெண்டு பேர் உறுப்பு தானம் பத்தி ஆன்லைன்ல ஒரு சோதனை பண்ணாங்க. தானம் செய்யாதவங்கன்னு டிஃபால்ட்டா வெச்சு சம்மதம் கேட்டப்ப 42 சதவீதம் பேர் தான் சம்மதிச்சாங்க, தானம் செய்றவங்கன்னு வெச்சு வேணாம்னா மாத்திக்கலாம்னு சொன்னப்ப அது 82 சதவீதம் ஆச்சு. அவ்ளோ பெரிய விஷயத்துலயே டிஃபால்ட் இப்படி இழுக்குதுன்னா, நாம மொதல்லயே டிக் போட்டு வெக்குற ப்ரோமோஷன் மெயிலை யார் கவனிச்சு எடுக்கப்போறாங்க? நம்ம பிரவுசர்ல வெப்சைட் சேமிச்சு வெக்குற குக்கீங்குற சின்ன ஃபைலுக்கு இப்படி மொதல்லயே போட்ட டிக் சம்மதமே ஆகாதுன்னு 2019ல ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம் தீர்ப்பே குடுத்திருக்கு. அந்த டிக்கை எடுங்கன்னு சொன்னா மார்க்கெட்டிங்ல லிஸ்ட் சுருங்கிடும்பாங்க. சுருங்கட்டுங்க, போறவங்க யாரும் அந்த மெயிலை கேட்டு வாங்குனவங்க இல்ல.