90-ஐத் தாண்டாத பட்டாள லாரி

"7.8 லிட்டர் இன்ஜின், டர்போ வேறு இருக்கிறது. இருந்தும் அந்தப் பழைய அமெரிக்க ராணுவ லாரி 90 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக மறுக்கிறதே, ஏன்? போக வைக்க முடியுமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் கேட்பது எம்35ஏ2 என்ற இரண்டரை டன் லாரியைப் பற்றி. (டர்போ என்பது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி.) பத்துச் சக்கரங்கள், மூன்று ஆக்ஸில்கள், மூன்றுமே இழுக்கும். 1950-இல் ரியோ நிறுவனம் தொடங்கி வைத்த குடும்பம் இது. ராணுவம் கழித்துவிட்ட இந்த லாரிகளை ஏலத்தில் எடுத்து நெடுஞ்சாலையில் ஓட்டும் பிரியர்கள் அமெரிக்காவில் இன்றும் நிறைய இருக்கிறார்கள்.

கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. வேகத்தைத் தடுப்பது கியர் விகிதமா, இன்ஜினின் திறனா? இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் செலவு செய்பவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள்.

முதலில் கியர். இந்த இன்ஜின் நிமிடத்துக்கு 2600 சுற்றுக்கு மேல் ஓட, சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற கருவி விடாது. ஐந்தாவது கியரின் விகிதம் சுமார் 0.79. ஆக்ஸில் விகிதம் 6.72. 2600-ஐ இந்த இரண்டாலும் வகுத்தால், சக்கரத்துக்குக் கிடைப்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 490 சுற்று. 9.00-20 அளவு டயர் ஒரு சுற்றில் சுமார் 3.1 மீட்டர் உருளும். பெருக்கிப் பாருங்கள்: மணிக்கு 91 கிலோமீட்டர். இன்ஜினில் எவ்வளவு திறன் மிச்சம் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அந்த 6.72 தவறிப்போய் வைத்த எண்ணும் அல்ல. சேற்றிலும் மேட்டிலும் சுமையோடு ஏறத்தான் வைத்தார்கள்.

பிரியர்கள் செய்யும் முதல் மாற்றம் பெரிய டயர். 395/85ஆர்20 அளவு டயரின் விட்டம் பழையதைவிட ஏறக்குறைய 16 சதவீதம் கூடுதல். அதே 2600 சுற்றில் வேகம் 105-ஐத் தொடலாம். "தொடலாம்" என்று நான் இழுப்பதற்குக் காரணம் அடுத்த தடை.

காற்று. வேகம் கூடக் கூட காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடியாகவும், அதை வெல்லத் தேவையான திறன் மும்மடியாகவும் ஏறும் என்பது பள்ளியில் படித்ததுதான். செங்குத்தான முகப்பு, துணிக்கூரை, வெளியே துருத்தும் கண்ணாடிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் போட்ட தோராயக் கணக்கில், சுமையில்லாத லாரிக்கு 90-இல் காற்றுக்கு மட்டும் 46 கிலோவாட், டயர் உருளலுக்கு 20 கிலோவாட். இன்ஜின் தருவது 134 குதிரைத்திறன், அதாவது 100 கிலோவாட். கியர்களும் மூன்று ஆக்ஸில்களும் தின்றது போகச் சாலைக்கு வருவது 85 இருக்கும். 90-இல் போதும். 110-க்குப் போனால் மொத்தத் தேவை சுமார் 108 கிலோவாட். டயரை மட்டும் மாற்றியவரின் லாரி சமதளத்தில் 98, 100 என்று திணறி, சின்ன மேட்டைக் கண்டதும் நான்காவது கியருக்கு இறங்குவது இதனால்தான்.

அப்படியானால் அந்தத் திறனை எங்கிருந்து கொண்டுவருவது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது: இந்த லாரியில் உள்ள எல்டிடி-465 இன்ஜினின் எரிபொருள் பம்ப்.

இது பல எரிபொருள் இன்ஜின். போர்க்களத்தில் டீசல் கிடைக்காவிட்டால் விமான எரிபொருள், அதுவும் இல்லையென்றால் பெட்ரோல், எதை ஊற்றினாலும் ஓட வேண்டும் என்பது ராணுவத்தின் நிபந்தனை. எரிதல் முறையை ஜெர்மனியின் மான் (MAN) நிறுவனத்தில் மொய்ரர் என்ற பொறியாளர் உருவாக்கினார். பிஸ்டன் தலையில் உருண்டையான ஒரு குழி. எரிபொருளின் பெரும்பகுதியை அந்தக் குழியின் சுவரில் படலமாகப் பூசி, சுழலும் காற்று அதை ஆவியாக்கி எடுத்துச் செல்லச் செல்ல எரிப்பது. பெட்ரோலும் 'டக் டக்' என்று இன்ஜினைத் தட்டாமல் எரியும். (நம் ஜபல்பூரில் தயாரான சக்திமான் லாரியும் மான் நிறுவனத்தின் உரிமத்தில் பிறந்ததே.)

சிக்கல் பம்பில் வரும். பம்ப் எரிபொருளைக் கன அளவால் அளக்கிறது, எடையால் அல்ல. ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள ஆற்றல் ஒரு லிட்டர் டீசலைவிடப் பத்து சதவீதம் அளவுக்குக் குறைவு. போதாததற்கு, பெட்ரோல் நீர்த்தது என்பதால் பம்பில் எரிபொருளைத் தள்ளும் பிளஞ்சர் என்ற தண்டின் இடுக்கில் கொஞ்சம் கசிந்தும் போகும். ஓட்டுநர் டேங்கில் எதை ஊற்றினார் என்று பம்புக்கு யார் சொல்வது? 1960களின் லாரியில் கணினி கிடையாது, சென்சார் கிடையாது.

அதற்கு அவர்கள் வைத்த விடை இரண்டு சின்ன வழிகள். சீரான அழுத்தத்தில் வரும் எரிபொருள் முதலில் ஒரு குறுகிய நீண்ட இடுக்கு வழியாகப் போகிறது. பிறகு கூர்விளிம்பு கொண்ட ஒரு துளை வழியாக வெளியேறுகிறது. குறுகிய இடுக்கில் எதையும் நகரவிடாமல் பிடிப்பது திரவத்தின் பாகுநிலை. ஒரே புனலில் விளக்கெண்ணெய் எப்படி இறங்குகிறது, தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். கூர்விளிம்புத் துளைக்கோ பாகுநிலையைப் பற்றிக் கவலையே இல்லை. எனவே இரண்டுக்கும் நடுவில் நிற்கும் அழுத்தம் எரிபொருள் கெட்டியா நீர்ப்பா என்பதை மட்டுமே சொல்கிறது. பெட்ரோல் வந்தால் இடுக்கைச் சுலபமாகக் கடந்துவிடும், நடு அழுத்தம் ஏறும். டீசல் வந்தால் இறங்கும். அந்த அழுத்தம் ஒரு சிறு பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் ஓர் ஆப்பை நகர்த்த, "இதற்கு மேல் எரிபொருள் கிடையாது" என்று பம்பைத் தடுக்கும் எல்லையே இடம் மாறுகிறது. பெட்ரோலுக்குக் கூடுதல் கன அளவு, டீசலுக்குக் குறைவு. ஒரு மின்கம்பி கூட இல்லாமல், திரவம் தன்னைப் பற்றித் தானே சாட்சி சொல்கிறது! பொறியியல் மாணவர்கள் பாகுநிலைச் சமன்பாட்டைப் படிக்கும் நாளிலேயே இந்தக் கருவியை மேசையில் பிரித்துக் காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும். நம் கல்லூரி ஆய்வகங்களுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்காவது இப்படிப் பிரித்துப் பார்க்கும் பொருள்களுக்குப் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

திறனைக் கூட்ட விரும்புகிறவர் கைவைப்பது அந்த எல்லையில்தான். எல்லையைக் கொஞ்சம் தள்ளிவைத்தால் கூடுதல் எரிபொருள், கூடுதல் திறன். இதே கொள்ளளவுள்ள எல்டிஎஸ்-465 இன்ஜின் எம்54ஏ2 என்ற ஐந்து டன் லாரியில் சுமார் 175 குதிரைத்திறன் தந்தது. 110-க்கு என் கணக்குக் கேட்பதும் ஏறக்குறைய அதுவே. ஆனால் நம் இரண்டரை டன் எம்35ஏ2-இன் டர்போ முக்கியமாகக் கரும்புகையைக் குறைக்க வைத்தது. காற்று கூடாமல் எரிபொருளை மட்டும் கூட்டினால் புகைபோக்கியில் வெப்பம் ஏறும். டர்போவுக்கு முன்னால் புகையின் வெப்பத்தை அளக்கும் ஒரு பைரோமீட்டர் பொருத்தாமல் யாரும் அந்த எல்லையை மாற்றும் திருகைத் தொடக் கூடாது. நீண்ட ஏற்றத்தில் அது 700 டிகிரி செல்சியஸை நெருங்கினால் காலை எடுத்துவிட வேண்டும்; பிஸ்டன் அலுமினியம். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் வைத்தால் நல்ல பலன் உண்டு.

சிலர் இன்ஜினையே மாற்றி 5.9 லிட்டர் கம்மின்ஸ் வைக்கிறார்கள். நல்ல இன்ஜின். ஆனால் அதுவும் நிமிடத்துக்கு ஏறக்குறைய இதே எண்ணிக்கைச் சுற்றில் ஓடுவதுதான், கியரையோ டயரையோ மாற்றாமல் வேகம் வராது. ராணுவமே 1990களில் எம்35ஏ3 என்று புதுப்பித்தபோது கேட்டர்பில்லர் இன்ஜின், ஆலிசன் தானியங்கி கியர், பெரிய ஒற்றை டயர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றியது.

எரிபொருள் குழாயில் காந்தம் கட்டினால் திறன் கூடும் என்று விற்பவர்களை நம்பாதீர்கள். டீசலில் காந்தம் மாற்றக்கூடியது எதுவும் இல்லை. நம்பிக்கையைக் காசாக்கும் வேலை அது. அந்தக் காசுக்குப் பைரோமீட்டரே வாங்கிவிடலாம்.

கடைசியாக பிரேக். 90-லிருந்து 110-க்குப் போனால் நிறுத்த வேண்டிய இயக்க ஆற்றல் ஒன்றரை மடங்காகிறது. பெரிய டயரோ, விட்டம் கூடிய விகிதத்தில் பிரேக்கின் பிடியைக் குறைக்கிறது. எம்35ஏ2-இல் ஆறு டிரம்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஹைட்ராலிக் சுற்று. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் மிதி தரையோடு போய்விடும், மிஞ்சுவது கைபிரேக் மட்டும். வாசகர் உண்மையிலேயே ஒரு லாரி எடுத்தால், முதல் செலவாக, மிதியின் அழுத்தத்தை இரண்டு தனித்தனிச் சுற்றுகளாக அனுப்பும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் புதிய குழாய்களும் போடட்டும். டயரும் பம்பும் அதற்குப் பிறகு.