ஆங்லிங்: பொழுதுபோக்கா, தொழிலா?

ரீல் மாட்டிய கோலோடு முட்டுக்காடு, கோவளம் பக்கம் கொடுவா பிடிக்கப் போகிறவர்கள் அதை ‘ஆங்லிங்’ என்பார்கள். பழைய ஆங்கிலத்தில் ‘ஆங்கெல்’ என்றால் தூண்டில் முள். வளைவைக் குறிக்கும் மூலத்திலிருந்து வந்த சொல் அது. பாகன் கையில் இருக்கும் ‘அங்குசம்’ என்ற வடசொல்லும் அதற்குச் சொந்தம்தான்.

நம் சொல் ‘தூண்டில்’, தூண்டு என்ற வினையிலிருந்து வந்தது. ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி அற்று’ என்று குறளில் (931) வருகிறது. அங்கே பொன் என்பது இரும்பு முள்.

சரி, ஆங்லிங்கைத் தமிழில் ‘தூண்டில் மீன்பிடிப்பு’ என்று எழுதிவிட்டால் போதுமா? போதாது. காசிமேட்டு மீனவர்களும் வஞ்சிரத்துக்குத் தூண்டில் போடுகிறார்கள், அது பிழைப்பு. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2012இல் வெளியிட்ட வழிகாட்டி, கருவியை வைத்துப் பிரிக்கவில்லை. பொழுதுபோக்கு என்றால், பிடிப்பவருக்கு அந்த மீன் முதன்மை உணவாக இருக்கக்கூடாது, பொதுவாக விற்பனைக்கும் போகக்கூடாது என்கிறது. அதனால் ‘பொழுதுபோக்கு மீன்பிடிப்பு’ என்பதே பொருந்தும். மற்றது மீன்பிடித் தொழில்.

இரண்டில் எதற்குப் பொருளாதார மதிப்பு அதிகம் என்று கேட்கும்போதுதான் இந்தப் பிரிவு முக்கியமாகிறது. படகு வாடகை, கோல், இரை என்று ஒருவர் 3,000 ரூபாய் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது அடுத்தவருக்கு வருமானம். 5,000 வரை ஆகியிருந்தாலும் வந்திருப்பேன் என்று அவர் நினைத்தால், மீதி 2,000தான் அவருக்குக் கிடைத்த நிகர மதிப்பு. பொருளியலில் இது நுகர்வோர் உபரி. தொழிலிலும் அப்படித்தான்: ஏலத்தில் போன விலை முழுவதும் லாபம் ஆகாது. டீசல், ஐஸ் செலவைக் கழித்த பிறகே படகுக்காரரும் தொழிலாளிகளும் பங்கு பிரிப்பார்கள். ஒருபக்கம் மொத்தச் செலவையும் மறுபக்கம் ஏல விலையையும் வைத்து ஒப்பிடுவது தவறான கணக்கு.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. ஏலத்தோடு மீனின் மதிப்பு நின்றுவிடுவதில்லை. அன்னக்கூடையில் மீனை வாங்கிவந்து, தெருவோரம் உட்கார்ந்து, செதில் சுரண்டித் துண்டு போட்டுத் தரும் பெண்களின் உழைப்புக்கும் விலை உண்டு. தொழிலின் மதிப்பைச் சொல்கிறவர்கள் அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.