வெள்ளை என்று விட்டேன், முள்ளாக இருந்தது

ஓரியண்டியரிங் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு, காட்டுக்குள் குறித்த இடங்களை வரிசையாகத் தேடி ஓட வேண்டும். எந்த வழியில் போவது என்பது ஓடுபவர் பாடு. அந்த வரைபடத்தை வரைவது என் பாடு.

இதில் வெள்ளை என்றால் வெட்டவெளி அல்ல, தாராளமாக ஓடக்கூடிய காடு. வெட்டவெளிக்கு மஞ்சள். பச்சை அடர்த்தியாக ஆக ஆக ஓட்டம் குறையும்: இளம்பச்சையில் வழக்கமான வேகத்தில் 60 முதல் 80 சதவீதம், அடுத்ததில் 20 முதல் 60, கரும்பச்சையில் 20க்கும் கீழே. நேரே போவதா, சுற்றிப் போவதா என்று ஓடிக்கொண்டே முடிவெடுக்க இந்த நிறம்தான் துணை.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சரிவை நடந்து பார்க்காமல் வெள்ளையாகவே விட்டுவிட்டேன். விமானத்திலிருந்து எடுத்த லேசர் தரவு அப்படித்தான் காட்டியது. ஆனால் அது மூன்று வருடப் பழசு. நடுவில் யாரோ மரங்களைக் கழித்திருக்கிறார்கள். தரையில் வெயில் விழுந்ததும் முட்செடி இடுப்பளவு வளர்ந்துவிட்டது. போட்டி முடிந்து ஒரு பையன் வந்தான். இரண்டு முழங்காலிலும் கீறல். ஒன்றும் பேசாமல் வரைபடத்தை நீட்டினான்.

இப்போது லேசர் தரவைக் கொடுத்தால் மென்பொருளே வரைபடம் மாதிரி ஒன்றைத் தந்துவிடுகிறது. சமஉயரக் கோடுகள் அருமையாக வரும், அதில் எனக்குக் குறையே இல்லை. இலை இடுக்கு வழியே தரையைத் தொட்டு வரும் கதிர்கள் சின்னப் பள்ளத்தைக்கூடப் பிடித்துவிடும். செடிகொடி விஷயத்தில்தான் சிக்கல். முழங்கால் உயரப் பெரணியும் அதே உயர முள்ளும் லேசருக்கு ஏறக்குறைய ஒன்றுதான், காலுக்கு அப்படியா? கம்பிவேலியும் பெரும்பாலும் சிக்காது. தூரம் வரை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் கால் சிக்குகிறது என்ற இடத்துக்குத் தனியாகப் பச்சைக் கோடு போட்ட குறியீடு உண்டு. நின்று பார்க்காமல் அதைப் போட முடியாது. மென்பொருள் தரும் தாளை அப்படியே அச்சடித்துப் போட்டியாளர் கையில் கொடுப்பது தப்பு என்பேன்.

சரி, நடந்து பார்த்ததையெல்லாம் வரைந்துவிடலாமா? அதுவும் கூடாது. 1:15,000 அளவில் ஒரு பாறைக்கான கரும்புள்ளி 0.4 மில்லிமீட்டர், தரையில் அது 6 மீட்டர் இடம். ஒரு மீட்டர் உயரப் பாறைக்கும் அதே புள்ளிதான். நெருங்கிக் கிடக்கும் ஐந்து பாறைக்கு ஐந்து புள்ளி வைத்தால் தாளில் மை கொட்டினது மாதிரி இருக்கும். எதை விடுவது என்று தீர்மானிக்கத்தான் எனக்கு அதிக நேரம் போகிறது.

அப்புறம், ஓடுபவர்களுக்கு ஒன்று. வரைபடத்தின் மூலையில் கள ஆய்வு நடந்த வருடத்தைப் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். அது பழசென்றால் பாறையையும் மேட்டையும் நம்புங்கள், பச்சையையும் ஒற்றையடிப் பாதையையும் அரைமனதாக நம்புங்கள். தப்பு கண்ணில் பட்டால் ஓடி முடித்ததும் பேனாவால் வட்டமிட்டு, வரைந்தவரிடம் கொடுங்கள். அன்று அந்தப் பையன் நீட்டிய தாளில் இரண்டு வட்டம் இருந்தது. ஒன்று நான் சொன்ன சரிவு. இன்னொன்று, நான் நடந்து பார்த்தும் கோட்டைவிட்ட ஒரு பள்ளம்.